வெப்பமண்டல மரத்துக்கு வனச் சான்றிதழ்: செலவுக்கு ஈடாக வரவு தேறுமா?

கேள்வி – காட்டுக்கூறு

எல்லோருக்கும் வணக்கம். விவரம் முதலிலேயே தருகிறேன். இயற்கை வெப்பமண்டலக் காடு, 42,000 ஹெக்டேர், நீண்டகாலக் குத்தகை. வெட்டுச் சுழற்சி 30 ஆண்டு என்பதால் ஆண்டுக்கு 1,400 ஹெக்டேர் கூறு. ஹெக்டேருக்குச் சராசரியாக 12 கனமீட்டர் வீதம் ஆண்டுக்கு 16,800 கனமீட்டர் தடி. சொந்த அறுவை ஆலை உண்டு. தடியில் 42 சதவீதம் பலகையாகத் தேறுகிறது, அதாவது 7,056 கனமீட்டர். இதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஐரோப்பிய வாங்குவோருக்குப் போகிறது, எஃப்.எஸ்.சி (காடு பொறுப்பாக நடத்தப்படுகிறது என்பதற்கான உலகளாவிய சான்று) இருக்கிறதா என்று கேட்பவர்கள் அவர்கள் மட்டுமே. மீதியை வாங்குவோர் விலையும் தரமும் பார்க்கிறார்கள், சான்றிதழைப் பற்றிக் கேட்பதே இல்லை.

காட்டின் ஓரத்தில் 900 ஹெக்டேர் தேக்குத் தோட்டமும் இருக்கிறது. 2003இல் இயற்கைக் காட்டை அழித்து நட்டது. பக்கத்தில் 600 ஹெக்டேர் சமூகக் காடு ஒன்று. அவர்களுடைய தடியும் இதே ஆலைக்கு வருகிறது.

என் கேள்விகள்: விலைக் கூடுதலை நம்பி இதில் இறங்கலாமா? தணிக்கைக் கட்டணம் போக வேறு எங்கெல்லாம் பணம் போகும்? விலைக் கூடுதல் போதாது என்றால் வேறு எதைக் கணக்கில் வைத்து முடிவெடுப்பது?

பதில் – பலகைக்கணக்கு

விலைக் கூடுதலை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். நீங்கள் தந்த எண்களே அதற்குப் பதில் சொல்கின்றன.

சான்றிதழுக்கான செலவு காடு முழுவதற்கும் ஆகிறது. தணிக்கை, கட்டணம், கூடுதல் ஊழியர், முகாம் மேம்பாடு, வெட்டாமல் விடும் மரம் எல்லாமே 7,056 கனமீட்டர் பலகை மீதும் ஏறும். சான்று கேட்டு வாங்குவது 1,411 கனமீட்டர்தான். மொத்தச் செலவு பலகையின் சராசரி விலையில் 3 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை ஐந்தில் ஒரு பங்கு விற்பனையிலிருந்தே மீட்க வேண்டுமென்றால் அந்தப் பங்குக்கு 15 சதவீதம் கூடுதல் விலை கிடைத்தாக வேண்டும். சான்றோடு விற்கும் பங்கு பாதியாக உயர்ந்தால் 6 சதவீதம் போதும். ஆகவே வாங்குபவரிடம் முதலில் பேச வேண்டியது "எவ்வளவு கூட்டித் தருவீர்கள்" என்பதைவிட "எந்த மர இனங்களை, எந்தத் தரத்தில், எத்தனை கனமீட்டர் எடுப்பீர்கள்" என்பதுதான்.

அந்த ஐந்தில் ஒரு பங்கும் அப்படியே நிற்காது. ஏற்றுமதிக்குப் போவது முதல் தரப் பலகை. குட்டை நீளம், வைரம் பாயாத வெளிமரம் கலந்தது, முடிச்சு விழுந்தது எல்லாம் உள்ளூர் விற்பனைக்குப் போகும். அங்கே சான்றுக்குத் தனி மதிப்பு இல்லை. சந்தையில் பெயர் தெரியாத இனங்கள் காட்டில் நிறைய உண்டு. அவற்றுக்குச் சான்று இருந்தும் வாங்க ஆள் கிடைப்பது கடினம்.

கூடுதல் விலை கிடைத்ததற்கு நல்ல சான்று சபாவில் இருக்கிறது. மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள டெராமகோட் காப்புக்காடு, சுமார் 55,000 ஹெக்டேர், 1997இல் எஃப்.எஸ்.சி சான்று பெற்றது. அங்கே ஏலத்தில் போன தடிகளைச் சான்றில்லாத தடிகளோடு ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், ஏற்றுமதிக்கான உயர்தர வன்மரங்களுக்கு 27 முதல் 56 சதவீதமும், மதிப்புக் குறைந்த இனங்களுக்கு 2 முதல் 30 சதவீதமும் கூடுதல் விலை பதிவாகியிருக்கிறது. ஆனால் இந்த எண்களை அப்படியே எடுத்து உங்கள் திட்டத்தில் போடாதீர்கள். அது திறந்த ஏலம். சந்தைக்கு வந்த சான்று மரத்தின் அளவும் குறைவு. நீங்கள் ஆண்டு ஒப்பந்தத்தில் இரண்டு மூன்று வாங்குவோருக்கு விற்றால் பேரம் பேசும் பலம் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான்.

ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கக்கூடியவை வேறு உண்டு: முன்பணம், இரண்டு மூன்று ஆண்டுக்கான அளவு உறுதி, புது இனங்களைச் சோதனைக்கு எடுக்கும் சம்மதம். சில சதவீத விலைக் கூடுதலைவிட இவை பணப்புழக்கத்துக்கு அதிகம் உதவும். மந்தமான ஆண்டில் வாங்குபவர் யாரைக் கைவிடுகிறார், யாரை வைத்துக்கொள்கிறார் என்பதிலும் சான்றிதழ் பேசும்.

பதில் – தணிக்கைத்தடம்

செலவு பற்றி.

தணிக்கை நிறுவனத்தின் மதிப்பீட்டை வாங்கும்போது ஒட்டுமொத்தத் தொகையாக வாங்காதீர்கள். தணிக்கையாளர்கள் எத்தனை பேர், எத்தனை நாள், பயணம், தங்கல், மொழிபெயர்ப்பாளர், அறிக்கை எழுதும் நாட்கள், ஆண்டு நிர்வாகக் கட்டணம், குறைகளை மூடியதைச் சரிபார்க்க மறுபடி வருவதற்கான செலவு என்று பிரித்துக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கேட்பதே இல்லை. மூன்று நிறுவனங்களிடமாவது வாங்குங்கள். பக்கத்து நாட்டில் வேறு தணிக்கைக்கு அவர்கள் வரும் சமயத்தோடு உங்களுடையதைச் சேர்த்தால் பயணச் செலவு நன்றாகக் குறையும்.

எஃப்.எஸ்.சி சான்று 5 ஆண்டு செல்லும். ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. வனத்துக்கான நிர்வாகக் கட்டணம் பரப்பையும் காட்டின் வகையையும் பார்த்து வரும். ஆலைக்குத் தனியாகச் சங்கிலிச் சான்று வேண்டும், அதாவது சான்று மரம் காட்டிலிருந்து வாங்குபவர் வரை வேறு மரத்தோடு கலக்காமல் போகிறது என்பதற்கான சான்று. அதன் கட்டணம் ஆலையின் மர வணிக விற்றுமுதலைப் பொறுத்தது. கவனியுங்கள், சான்றுள்ள மரத்தின் விற்றுமுதலை மட்டும் எடுப்பதில்லை, எல்லா மரப்பொருளின் விற்றுமுதலையும் எடுப்பார்கள். உங்களைப் போல ஐந்தில் ஒரு பங்கு மட்டும் சான்றோடு விற்பவர்களுக்கு இது உறுத்தும்.

முதன்மைத் தணிக்கைக்கு ஆறு வாரம் முன்பே ஊர்மக்கள், தொழிற்சங்கம், அரசுத் துறை, தன்னார்வ அமைப்புகளுக்கு அறிவிப்புப் போகும். தணிக்கைக் குழு அவர்களைத் தனியாகச் சந்திக்கும், நிர்வாகம் பக்கத்தில் இருக்காது. எல்லைத் தகராறோ கூலி பாக்கியோ இருந்தால் அங்கே வெளிவரும். வந்த பிறகு சமாளிப்பதைவிட ஓராண்டு முன்பே தீர்த்துவிடுவது மலிவு.

பெரிய குறை இருந்தால் முதல் சான்றே தரமாட்டார்கள். சான்று கிடைத்த பின் வந்தால் மூடுவதற்கு 3 மாதம். சிறு குறைக்கு ஓராண்டு. மூடாத சிறு குறை பெரிய குறையாக ஏறும். ஒரே கண்காணிப்புத் தணிக்கையில் 5 பெரிய குறை வந்தால் சான்று இடைநிறுத்தம்தான். அந்தக் காலத்தில் விற்கும் எதையும் சான்று மரம் என்று விலைப்பட்டியலில் (இன்வாய்ஸில்) எழுத முடியாது.

குறைகள் பெரும்பாலும் காட்டின் நடுவிலிருந்து வருவதில்லை. முகாமிலிருந்துதான் வரும்: குடிநீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி, மருத்துவரிடம் கொண்டுபோக வண்டி. செயின்சா ஓட்டுபவருக்கு வெட்டுத்தடுப்புக் கால்சட்டை, முகத்திரையுள்ள தலைக்கவசம், முனையில் இரும்பு வைத்த காலணி. பழைய என்ஜின் எண்ணெயை மண்ணில் ஊற்றுவது, தடியில் பூச்சிமருந்து அடிக்கும் இடத்தில் தரையில் தடுப்பு இல்லாதது. இன்னொன்று, "அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள்" என்ற பதில் எடுபடாது. உங்கள் காட்டில் வேலை செய்யும் எவருக்கும் அதே தரம்தான். ஒப்பந்தக் கூலி விகிதத்தில் இந்தச் செலவைச் சேர்க்காமல் விட்டால் ஒப்பந்ததாரர் பாதுகாப்புச் சாமானில்தான் கைவைப்பார்.

முதல் தணிக்கைக்கு முன் ஒரு இடைவெளி ஆய்வு, அதாவது சான்று கேட்கும் தரத்துக்கும் உங்கள் இன்றைய நிலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கும் ஆய்வு, செய்துகொள்ளுங்கள். எதற்கு எவ்வளவு போகும் என்ற உண்மையான பட்டியல் அதில்தான் கிடைக்கும். தணிக்கைக் கட்டணம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தகுதி பெறுவதற்கான மராமத்துச் செலவு பெரும்பாலும் அதைவிடப் பெரியது. ஆனால் அதில் ஒரு பகுதி எப்படியும் சட்டப்படி நீங்கள் செய்ய வேண்டியதே. அந்தப் பகுதியைச் சான்றிதழ் கணக்கில் எழுதினால் முடிவு தப்பாகப் போகும்.

காட்டுக்கூறு

இருவருக்கும் நன்றி. விலையிலிருந்து வராது என்றால் காட்டு வேலையிலேயே மிச்சம் பிடிக்கலாம் என்கிறார்கள். சேதம் குறைந்த வெட்டு முறையால் செலவும் குறையும் என்பது எந்த அளவுக்கு உண்மை? எங்கே மிச்சமாகிறது என்று யாராவது எண்ணோடு சொல்ல முடியுமா?

பதில் – இழுவைத்தடம்

உண்மைதான், நிபந்தனைகளோடு. பிரேசிலில் கிழக்கு அமேசானில் நடத்திய ஒப்பீடு ஒன்று 2002இல் வெளியானது. திட்டமிட்டு வெட்டியபோது கனமீட்டருக்கான செலவு வழக்கமான முறையைவிட 12 சதவீதம் குறைவு. முன்கூட்டிச் செய்யும் கணக்கெடுப்புக்கும் வரைபடத்துக்கும் ஆன செலவைச் சேர்த்த பிறகும் அப்படி. மிச்சம் பிடித்தது இரண்டு இடங்களில்: மரம் வீணாவது குறைந்தது, இழுவை வண்டி தடியைத் தேடி அலைவது குறைந்தது.

உங்கள் காட்டுக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் பார்ப்போம், அடிக்கட்டையின் உயரம். ஒரு மரம் சராசரி 4 கனமீட்டர் தடி தருகிறது என்றால் ஹெக்டேருக்கு 3 மரம், ஆண்டுக்கு 4,200 மரம். அடியில் 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்தில் 20 சென்டிமீட்டர் உயரம் என்பது 0.1 கனமீட்டர். வெட்டுபவர் குனிய மனமில்லாமல் இடுப்பு உயரத்தில் வெட்டுவதை நிறுத்தி, சராசரியாக 20 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 4,200 மரத்தில் 420 கனமீட்டர். மொத்தத் தடியில் 2.5 சதவீதம். அதுவும் அடிமரம், முடிச்சு இல்லாத பகுதி. அல்லது அதே 16,800 கனமீட்டரைச் சுமார் 102 மரம் குறைவாக வெட்டி எடுக்கலாம். மேலே சொன்ன 3 சதவீதச் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பலகை வேர் (அடிமரத்திலிருந்து பலகைபோல் விரியும் வேர்) உள்ள மரங்களில் இவ்வளவு தாழ்த்த முடியாது. வேரைச் செதுக்கிவிட்டு வெட்டினால் ஓரளவு முடியும்.

அடுத்தது பொந்து மரம். வெட்டிச் சாய்த்த பின் உள்ளே உளுத்தது தெரிந்தால் மரமும் போச்சு, அது விழுந்து நசுக்கிய இளமரங்களும் போச்சு. வெட்டும் முன் செயின்சா பட்டையின் முனையை மார்பு உயரத்தில் செங்குத்தாக மரத்துக்குள் செலுத்திப் பார்க்க வேண்டும். திடீரென்று தடை இல்லாமல் உள்ளே போனாலும், தூள் கருத்தோ ஈரமாகவோ வந்தாலும் பொந்து. நின்ற நிலையிலேயே விட்டுவிட்டு, மரத்தின் எண்ணைக் குறித்து, "பொந்து, வெட்டவில்லை" என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த மரத்தில் பறவையும் விலங்கும் குடியிருக்கும், விதையும் விழும். பொந்தைக் கழித்த பிறகும் பாதி தேறும் என்று தெரிந்தால் மட்டும் வெட்டலாம்.

வேலையின் வரிசை முக்கியம். வெட்டுக்கு ஓராண்டு முன் கூறு முழுவதும் கணக்கெடுப்பு: 50 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, வெட்டும் விட்டத்தை எட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் எண், இனம், விட்டம், இருக்கும் இடம். அப்போதே மரத்துக்கு மரம் பிணைந்திருக்கும் கொடிகளை அறுத்துவிட வேண்டும். வெட்டும் நாளில் அறுத்தால் பயன் இல்லை. கொடி காய்ந்து இற்றுப்போக மாதங்கள் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மரம் சாயும்போது பக்கத்து இரண்டு மரத்தின் உச்சியையும் இழுத்துக்கொண்டு விழும், ஆளுக்கும் ஆபத்து. பிறகு வரைபடத்தில் சாலை, தடிக்களம், இழுவைப் பாதை. பாதையைத் தரையில் ரிப்பன் கட்டி அடையாளமிட்ட பிறகே வெட்டு. மரத்தைப் பாதைக்கு 30 முதல் 45 பாகை கோணத்தில் சாய்த்தால் தடி திரும்பாமல் நேராக வரும். வண்டி பாதையை விட்டு இறங்கக் கூடாது. வின்ச் கம்பியைத்தான் மரத்துக்கு இழுத்துப் போக வேண்டும். மழையில் சக்கரத் தடத்தில் நீர் தேங்கினால் வேலை நிறுத்தம்.

கெட்டுப்போகும் இடம் ஒன்றே ஒன்றுதான்: கூலி. வெட்டுபவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் கனமீட்டர் கணக்கில் மட்டும் கூலி கொடுத்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. அடிக்கட்டை உயரம், பிளவு, பாதை விலகல் மூன்றையும் வாரம் ஒருமுறை சிலவற்றில் அளந்து கூலியில் ஒரு பங்கை அதோடு கட்டுங்கள். பயிற்சியும் ஒருநாள் வகுப்பாக இருக்கக் கூடாது. காட்டில் கூடவே நின்று திருத்தும் ஆள் வேண்டும்.

பதில் – சரிவுநிலம்

இழுவைத்தடம் சொன்னது சமதரைக்கு முழுக்கச் சரி. மலைக்காட்டில் கணக்கு வேறு.

சபாவின் மலைக்காடுகளில் இதே முறையைச் சோதித்தபோது காட்டுச் சேதம் பாதியளவுக்குக் குறைந்தது. ஆனால் செங்குத்துச் சரிவுகளையும் ஓடைக்கரைகளையும் விலக்கியதால் வெட்டாமல் விட்ட மரத்தின் மதிப்பே மிகப் பெரிய செலவாக நின்றது. செயல்திறனால் வந்த மிச்சம் அதை ஈடுகட்டவில்லை. ஆகவே உங்கள் 1,400 ஹெக்டேரில் வெட்டக்கூடிய நிகரப் பரப்பு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். சரிவு, நீர்க்கரை, உயர் பாதுகாப்பு மதிப்புள்ள இடம், ஊராரின் புனிதத் தலம், கல்லறை எல்லாம் கழித்த பின் 1,100 ஹெக்டேர்தான் தேறும் என்றால் ஆண்டு அளவு 13,200 கனமீட்டராகிவிடும். மேலே போட்ட சதவீதங்கள் எல்லாம் மாறும். விட்ட பரப்பை ஈடுகட்ட மீதியில் ஹெக்டேருக்கு 12க்குப் பதில் 15 எடுக்கலாம் என்ற யோசனை வரும், அதைச் செய்யாதீர்கள். வளர்ச்சி வீதம் அனுமதிக்காது. ஒப்பீட்டுக்கு, பிரேசிலின் அமேசான் விதி ஹெக்டேருக்கு ஆண்டு வளர்ச்சி 0.86 கனமீட்டர் என்று எடுத்து, 35 ஆண்டுச் சுழற்சிக்கு 30 கனமீட்டரை உச்சவரம்பாக வைக்கிறது. உங்களுடையது ஆண்டுக்கு 0.4. ஓரளவு பத்திரமான அளவு. ஆனால் 12 கனமீட்டரும் இரண்டு மூன்று இனங்களிலிருந்தே வருகிறது என்றால் பத்திரம் இல்லை. மொத்த அளவு மீண்டாலும் அந்த இனங்கள் இரண்டாம் சுழற்சியில் மீளாது. ஒவ்வொரு இனத்துக்கும் தனியாக, எந்த விட்டத்தில் எத்தனை மரம் என்ற விட்டவகுப்புப் பட்டியல் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு கழிவும் உண்டு. 2014இல் செவியாவில் நடந்த எஃப்.எஸ்.சி பொதுச் சபை 65ஆம் தீர்மானத்தால் சிதையாத காட்டு நிலப்பரப்புகளுக்குத் தனிப் பாதுகாப்பு வந்தது. அத்தகைய பரப்பு என்றால் 50,000 ஹெக்டேருக்குக் குறையாதது. "நம் குத்தகையே 42,000தானே" என்று நினைக்க வேண்டாம். எல்லைக்கு அப்பாலுள்ள காட்டோடு சேர்த்துத்தான் அளப்பார்கள். சாலையே போடாத கூறுகள் உங்களிடம் இருந்தால் அவற்றில் கணிசமான பங்கை ஒதுக்க நேரிடும். சுழற்சியின் கடைசிப் பத்தாண்டுக் கூறுகளை வரைபடத்தில் வைத்து இப்போதே பாருங்கள்.

செலவை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனமில்லை. காபோனிலும் காங்கோ குடியரசிலும் சான்றுள்ள 7 குத்தகைக் காடுகளையும் சான்றில்லாத 7 காடுகளையும் தானியங்கிக் கேமரா வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வந்தது. 100 கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகள் சான்றுள்ள காட்டில் 2.7 மடங்கு அதிகம் தென்பட்டன. பழைய சாலைகளை மூடியது, வாயிலில் வண்டிகளைச் சோதித்தது, தொழிலாளருக்கு வேட்டை இறைச்சிக்குப் பதில் வேறு இறைச்சி கிடைக்கச் செய்தது போன்றவைதான் காரணம். எல்லாம் செலவுதான். ஆனால் பெரிய விதைகளைப் பரப்புவது யானையும் பெரிய விலங்குகளுமே. 30 ஆண்டு கழித்து அதே காட்டுக் கூறுக்கு வரப்போகிறவருக்கு இது வெறும் அழகு விஷயம் இல்லை. சான்றிதழ் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமும் இதுதான்.

பதில் – கூட்டுக்காடு

அந்த 600 ஹெக்டேர் சமூகக் காட்டை மறக்காதீர்கள். தனியாகச் சான்று வாங்கச் சொன்னால் அவர்களால் முடியவே முடியாது. தணிக்கையாளர் வந்து போகும் செலவு காடு சிறியது என்பதால் குறைவதில்லை. சில நூறு கனமீட்டர் மீது அது விழுந்தால் லாபம் முழுவதையும் தின்றுவிடும்.

அவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, எஃப்.எஸ்.சியில் சிறிய, குறைந்த தீவிரமுள்ள காடுகளுக்கான எளிய முறை. ஆண்டு வெட்டு 5,000 கனமீட்டருக்குக் குறைவாகவும், சராசரி ஆண்டு வளர்ச்சியில் 20 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால் குறைந்த தீவிர வகையில் சேரலாம். அறிக்கையும் கட்டணமும் குறையும். இரண்டாவது, குழுச் சான்று. ஒரு பொறுப்பு அமைப்பு சான்றை வைத்திருக்கும். உறுப்பினர் காடுகளை அதுவே ஆண்டுதோறும் உள்தணிக்கை செய்யும். வெளித்தணிக்கையாளர் மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் பார்ப்பார். மாதிரி எண்ணிக்கை பொதுவாக உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி வரும்: 100 உறுப்பினர் என்றால் 10 இடம் அளவுக்கு.

குவாத்தமாலாவின் பெத்தென் பகுதியில் மாயா உயிர்க்கோளக் காப்பகத்துச் சமூகக் குத்தகைகள் இதற்கு நல்ல முன்னுதாரணம். அங்கே சான்று பெறுவது குத்தகையின் நிபந்தனை. கிராமங்கள் ஒன்றுசேர்ந்து கூட்டு நிறுவனம் அமைத்து, சான்று வேலையையும் மகோகனி விற்பனையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தன. சான்று மட்டும் தனியாக வந்திருந்தால் இந்த அளவு பலன் இருந்திருக்காது. விற்பனையும் சேர்ந்து வந்ததால் பலன்.

குழுவில் கவனிக்க வேண்டியது: ஒரு உறுப்பினரின் தவறு எல்லோர் மீதும் விழும். குழுவின் மையமே உள்தணிக்கையைச் சரியாகச் செய்யாமல் விட்டால் பெரிய குறை மையத்தின் பேரில் எழுதப்படும், அப்போது நன்றாக நடத்தியவர்களின் சான்றும் தடுமாறும். ஆகவே சேர்க்கும் நிபந்தனை, வெளியேற்றும் நிபந்தனை இரண்டையும் முதல் நாளே எழுத்தில் போடுங்கள். நிர்வாகத்தை நீங்கள் ஏற்றால் தணிக்கைச் செலவை ஊராரின் தடி விலையில் கழிக்காதீர்கள். கழித்தால் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும்படி தனி வரியில் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஓரிரு ஆண்டில் நம்பிக்கை போய்விடும்.

பதில் – ஆவணப்பெட்டி

தேக்குத் தோட்டத்துக்கும் ஐரோப்பிய ஏற்றுமதிக்கும் மட்டும் பதில் சொல்கிறேன்.

எஃப்.எஸ்.சியின் பழைய விதிப்படி 1994 நவம்பருக்குப் பிறகு இயற்கைக் காட்டை அழித்து நட்ட தோட்டத்துக்குச் சான்று கிடையாது. 2023 ஜூலையில் விதி மாறியது. கடைசி நாள் 2020 டிசம்பர் 31 ஆனது. 1994க்கும் 2020க்கும் இடையில் அழித்தவர்கள், இழைத்த சேதத்துக்கு ஈடாகக் காட்டை மீட்டெடுத்தும் பாதிக்கப்பட்ட மக்களுக்கு ஈடு செய்தும் வந்தால் உள்ளே வரலாம். உங்கள் 2003 தோட்டம் இந்த இரண்டாம் வகை. கதவு திறந்திருக்கிறது, ஆனால் மலிவான கதவு அல்ல. அழித்த பரப்புக்கு நிகரான மீட்புப் பணி இருக்கிறது. முதலில் இயற்கைக் காட்டுக்கு மட்டும் சான்று வாங்கி, தோட்டத்தை வெளியே வைக்கலாம். அப்படியானால் தேக்குத் தடியும் காட்டுத் தடியும் ஆலையில் எங்கும் கலக்கக் கூடாது. தோட்டம் இருப்பதைத் தணிக்கையாளரிடம் மறைக்கவே கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பில்லாப் பொருள் சட்டம், 2023/1115, வேறு கதை. நடைமுறைக்கு வரும் நாள் இருமுறை தள்ளிப்போனது. ஆனால் கேட்கப்போவது என்ன என்பது தெளிவு. மரம் வெட்டிய நிலத்தின் புவியிட ஆயம் (அட்சரேகை, தீர்க்கரேகை), 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் முழு எல்லைக்கோடு. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அங்கே காடழிப்பு இல்லை என்பது. வெட்டிய நாட்டின் சட்டப்படி வெட்டியது என்பது. சான்றிதழ் இருந்தால் இவற்றிலிருந்து விலக்கு இல்லை. இறக்குமதியாளர் ஆபத்தை மதிப்பிடும்போது துணை ஆவணமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூறுவாரி வரைபடம், மரவாரி எண், வெட்டிய தேதி எல்லாம் சான்று பெற்ற காட்டில் ஏற்கனவே கையில் இருக்கும். அதே தரவை இரண்டு வேலைக்கும் பயன்படுத்தலாம்.

சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இனங்களுக்கும் இதே நிலைதான். 2022 பனாமா மாநாட்டுக்குப் பின் இபே, குமாரு, ஆப்பிரிக்கப் படாக், ஆப்பிரிக்கக் காயா ஆகியவை இரண்டாம் பட்டியலில் வந்துவிட்டன. ஏற்றுமதி அனுமதி அரசிடம்தான் வாங்க வேண்டும், சான்றிதழ் அதற்கு மாற்று அல்ல. வெட்டினால் இனத்துக்குக் கேடில்லை என்று அரசு முடிவு செய்ய உங்கள் கணக்கெடுப்புத் தரவு உதவும்.

எஃப்.எஸ்.சி போல இன்னொரு உலகளாவிய சான்று அமைப்பு பி.இ.எஃப்.சி. உங்கள் நாட்டில் அது அங்கீகரித்த தேசியத் திட்டம் இருந்தால் அதையும் பாருங்கள். மலேசியத் திட்டம் 2009இல் அங்கீகாரம் பெற்றது, இந்தோனேசியாவுடையது 2014இல். உங்களிடம் கேட்பவர்கள் எஃப்.எஸ்.சி என்று பெயர் சொல்லியா கேட்கிறார்கள், இரண்டில் எது இருந்தாலும் போதும் என்கிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். அரசிடமும் விசாரியுங்கள். காபோனில் சான்றுள்ள குத்தகைக்குப் பரப்பு வரி குறைவு. அப்படி ஒரு சலுகை இருந்தால் 42,000 ஹெக்டேருக்கு அது பெரிய தொகை.

காட்டுக்கூறு

கடைசியாக ஒன்று. சமூகக் காட்டுத் தடியும் எங்கள் தடியும் தேக்கும் ஒரே ஆலையில். சங்கிலிச் சான்றில் எங்கே அதிகம் சறுக்கும்?

பதில் – தணிக்கைத்தடம்

துண்டு போடும் இடத்தில்.

மரத்தில் எண் இருக்கும், வெட்டியதும் அடிக்கட்டையிலும் தடியிலும் அதே எண் எழுதுவார்கள். தடிக்களத்தில் 14 மீட்டர் தடியை மூன்றாக அறுக்கும்போது எண் அடித்துண்டோடு போய்விடும். மற்ற இரண்டும் அனாதை. அறுப்பதற்கு முன்பே மூன்று பகுதியிலும் 1127-அ, 1127-ஆ, 1127-இ என்று எழுதி, பிளாஸ்டிக் வில்லையையும் அடித்துவிட வேண்டும். சுண்ணாம்பில் எழுதினால் ஒரு மழை போதும். தணிக்கையாளர் ஆலை முற்றத்தில் ஏதோ ஒரு தடியைக் காட்டி அடிக்கட்டை வரை கூட்டிப்போகச் சொல்வார். பிறகு அடிக்கட்டையில் தொடங்கி விலைப்பட்டியல் வரை வரச் சொல்வார். இரண்டு திசையிலும் வர வேண்டும்.

ஆலையில் மூன்று வகைத் தடிக்கும் மூன்று முற்றம், மூன்று வண்ணம். ஒரே ரம்பத்தில் அறுக்கலாம், ஆனால் நேரத்தால் பிரியுங்கள்: ஒரு வகை முழுவதும் முடிந்து மேடை காலியான பிறகே அடுத்தது, இரண்டுக்கும் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் பதிவேட்டில். 42 சதவீதத் தேறலை எல்லா இனத்துக்கும் ஒன்றாக எழுதாதீர்கள். இனத்துக்கு இனம் மாறும். 100 கனமீட்டர் தடியிலிருந்து 55 கனமீட்டர் சான்றுப் பலகை விற்றதாகக் கணக்கு வந்தால் முதல் கேள்வி அங்கேதான். வெளியே வேறொருவர் சூளையில் உலர்த்தக் கொடுத்தால் அவரோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அவர் மரத்தைக் கலக்கக் கூடாது, திருப்பிக் கொடுத்த அளவு பதிவாக வேண்டும்.

விற்பனையில், விலைப்பட்டியலின் அந்தந்தப் பொருள் வரியிலேயே "எஃப்.எஸ்.சி 100 சதவீதம்" என்ற உரிமைகோரலும் உங்கள் சான்று எண்ணும் வேண்டும். தலைப்புத் தாளில் முத்திரை அச்சிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. இடையில் ஒரு தரகர் சொந்தப் பெயரில் மரத்தை வாங்கி விற்கிறார், அவரிடம் சங்கிலிச் சான்று இல்லை என்றால் அங்கேயே சங்கிலி அறுந்துவிடும். அப்பால் வாங்குபவர் சான்றுள்ள ஆளாக இருந்தும் அந்த மரத்தைச் சான்று மரமாக விற்க முடியாது. உங்கள் ஐரோப்பிய விற்பனையில் எத்தனை கனமீட்டர் நேராகப் போகிறது, எத்தனை தரகர் வழியாகப் போகிறது என்று பிரித்துப் பாருங்கள். பலகைக்கணக்கு போட்ட 1,411ஐ வைத்து முடிவெடுக்கும் முன் அந்த எண்ணைத் திருத்த வேண்டிவரும்.

சமூகக் காடு குழுவில் சேரும் வரை அவர்கள் தடி சான்றில்லாத முற்றத்திலேயே கிடக்கட்டும். சேர்ந்த தேதிக்கு முன் வெட்டிய தடியைச் சேர்ந்த பின் சான்றுப் பக்கம் நகர்த்த வேண்டாம், அளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும்.